டோரீன் பிடித்த டிரவுட்

உறைந்த ஏரியில் போட்ட துளைக்குள் டோரீன் தூண்டிலை இறக்கினாள்.

"போதும், கிளம்பு! வண்டியை ஸ்டார்ட் பண்ணி அரை மணி ஆச்சு," என்று கெஞ்சினான் கணவன் கிளிஃபர்ட்.

"சும்மா இருய்யா. பொம்பளைக்கு டிரவுட் மீன் சிக்காதுன்னு உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். பிடிச்சுட்டுத்தான் வருவேன்."

வெள்ளை ரப்பர் இரை அறுபதடி ஆழத்தில் தரையைத் தட்டியதும் அவள் தூண்டில் நரம்பை விறுவிறுவென்று மேலே சுற்றி இழுத்தாள்.

"மெதுவா இழு!"

"மெதுவா இழுத்தா மோந்து பாத்துட்டுப் போயிடும். தப்பிச்சு ஓடுற இரையைத்தான் டிரவுட் துரத்தும்."

தூண்டில் கழி வளைந்தது. கொஞ்ச நேரத்தில் ஐந்து கிலோ டிரவுட் பனியில் துள்ளியது.

டோரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்பக் கிளம்பலாம். வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வருதுன்னு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணு. மீனையும் தூக்கிக்கோ, பொறந்ததும் நம்ம பொண்ணுக்குக் காட்டணும்!"