கோள் சொன்னவள்

"நாளையில இருந்து நீர் லேனுக்கு இறங்கவேண்டாம்."

சூப்பர்வைசர் ஜெயந்தன் சொன்னதும் சுமித்திரா கழற்றிய அங்கியைக் கீழே வைத்தாள்.

"ஏன் சேர்? நான் என்ன பிழை விட்டனான்?"

"உடம்பெல்லாம் கடியாம். அங்கிக்குள்ள கைவிட்டுச் சொறியிறீராம். கண்ணிவெடிக்கு முன்னால இருந்து செய்யிற வேலையோ அது? வேலை செய்யலாமெண்டு டொக்டரிட்டைத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு வாரும். அதுவரைக்கும் வேலை நேரத்தில காம்பில நில்லும்."

நாயாற்றுப் பக்கத்துக் காட்டில் கண்ணிவெடி அகற்றுவது சுமித்திராவுக்கு இது மூன்றாம் வருசம். ஆளுக்கொரு ஒடுங்கிய பாதை. அதைத்தான் லேன் என்பார்கள். பாரமான பாதுகாப்பு அங்கியோடு வெயிலில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டவேண்டும். வேர்த்து வேர்த்து இந்த முறை கழுத்தும் இடுப்பும் சிவந்து தடித்துவிட்டன.

ஒருவருக்கும் காட்டாமல்தான் மறைத்தாள். வேலை போனால் பிள்ளையை ஆர் பார்ப்பது?

ஒருத்திக்கு மட்டும் தெரியும். பக்கத்து லேன் கிருசாந்திக்கு.

போன கிழமை அவள் ஒரு மண்நிறச் சோப்புக் கட்டியை நீட்டினாள்.

"வீட்டில செய்தது. ஓட்ஸை மாவா அரைச்சுப் போட்டது. கடி அடங்கும், தோல் காயாது. வாசம் ஒண்டும் போடேல்லை, வாசம்தான் எரிக்கும். உரஞ்சாமல் மெதுவாப் பூசிக் கழுவு. கிளினிக்குக்கும் ஒருக்காப் போ."

"உன்ர சோப்பு விக்க நானோ கிடைச்சன்?" என்று சுமித்திரா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குத்தான் பழிவாங்கியிருக்கிறாள்!

அன்று பின்னேரம் சுமித்திரா தன் வீட்டுக்குப் போகவில்லை. நெடுங்கேணியில் வேலை வானில் இருந்து இறங்கி நேரே கிருசாந்தியின் படலையைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"வெளியில வாடி!"

கிருசாந்தி முற்றத்துக்கு வந்தாள்.

"சேருக்கு ஆர் சொன்னது?"

"நான்தான்."

மழுப்புவாள் என்று நினைத்து வந்த சுமித்திரா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வெக்கமில்லையோ? சோப்பு வாங்கேல்லை எண்டதுக்கு என்ர பிள்ளையின்ர சோத்தில மண் அள்ளிப் போட்டிட்டாய்!"

"துண்டு கொண்டுவந்தால் திரும்ப இறங்கலாம்தானே."

"கதைக்காதை! கோள் சொல்லிப்போட்டு நியாயம் வேற கதைக்கிறியோ?"

"திரும்பவும் சொறியக் கண்டால் திரும்பவும் சொல்லுவன்."

சுமித்திரா கையை ஓங்கிவிட்டாள்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறும்."

குசினிக்குள் இருந்து ஒரு பெண் சோப்புத் தட்டை இடுப்பில் அணைத்தபடி வந்தாள். கிருசாந்தியின் தமக்கை தயாளினி. தட்டைப் பிடித்திருந்த இடது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன.

சுமித்திராவின் கை தானாக இறங்கியது.

"நானும் உங்கட வேலைதான் செய்தனான்," என்றாள் தயாளினி. "உம்மைப்போலத்தான், கழுத்தெல்லாம் தடிப்பு. அண்டைக்குப் பொறுக்கேலாத கடி. வலது கை கழுத்துக்குப் போச்சுது. இடது கை பாராமல் மண்ணைச் சுரண்டிப்போட்டுது."

அவள் தட்டைக் கதிரையில் வைத்தாள்.

"காயம் மாறின பிறகும் தோல் வறண்டு கடிச்சுக்கொண்டே இருந்தது. கடைச் சோப்பு எல்லாம் எரிச்சுது. பிறகுதான் இந்த ஓட்ஸ் சோப்பைச் செய்யப் பழகினனான். இது ஒத்துக்கொண்டுது."

சுமித்திரா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா... நீங்கள் சொறியிறதை அண்டைக்கு ஒருத்தரும் காணேல்லையோ? கண்டவை ஆரும் சேருக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

தயாளினி தட்டின் பக்கம் திரும்பினாள். சோப்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தாள்.

கிருசாந்திதான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பவும் பக்கத்து லேனில நான்தான். ஒரு கிழமையாக் கண்டனான். வேலை போயிடும், சொல்லாதையெண்டு அக்கா கெஞ்சினவா. நான் வாயைத் திறக்கேல்லை."