நத்தை வேகம்

"கண்ணு தெரியாதவர்னா பரவாயில்லைம்மா. கம்ப்யூட்டரும் தெரியாதவரா இருந்தா எப்படி?"

டைரக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அவர் ரகசியம் பேசினாலே நாலு மேசை தள்ளிக் கேட்கும்.

புரோகிராமர் பெண் தலையாட்டினாள். அவளுக்கும் அதே எரிச்சல்தான்.

பொது சுகாதாரத் துறையின் புது வெப்சைட் நாளைக் காலை திறக்கப் போகிறது. வீட்டில் இருந்தபடியே டாக்டரிடம் நேரம் பதிவு செய்யும் பக்கம் முழுக்க அவள் கைவேலை. ராத்தூக்கத்தை விட்டுக் கட்டியது. பார்வை இல்லாதவர்களும் சிரமமில்லாமல் பதியலாம் என்று சோதனையாளர் ஒப்புதல் கொடுத்தால்தான் திறக்க முடியும்.

அந்தச் சோதனையாளருக்குப் பார்வை கிடையாது. ஒப்பந்த வேலை. ஆபீசில் அவருக்கு வைத்த பெயர் நத்தை. காலையில் ஒருமுறை முயன்று, பாதியிலேயே பக்கம் தரும் பத்து நிமிஷ நேரம் தீர்ந்து நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவை பார்த்துடலாம் சார்" என்று அவளே போய் அழைத்து வந்தாள்.

அவர் உட்கார்ந்தார். மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, கீபோர்டில் விரல்களை வைத்தார். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் படித்துக் காட்டத் தொடங்கியது, தூக்கம் கலையாத குரலில்.

"உங்கள்... பெயரை... நிரப்பவும்."

ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி நிரப்பினார். வயதுக்கான கட்டத்தைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் தாண்டினார்.

"முயல் தூங்கினதாலதான் ஆமை ஜெயிச்சுது" என்றார் டைரக்டர். "இங்க யாரும் தூங்கலையே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஒரு வழியாக டாக்டரைத் தேர்ந்தெடுத்து, நாளைத் தேர்ந்தெடுத்து, கடைசிப் பட்டனை நெருங்கும்போது கம்ப்யூட்டர் சொன்னது: "நேரம்... முடிந்தது. முதலிலிருந்து... தொடங்கவும்."

"பத்து நிமிஷம் போதாது மேடம். ஃபெயில்" என்றார் சோதனையாளர், பரீட்சை எழுதியதே அவள்தான் என்பதுபோல.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஒருத்தருக்காக டாக்டரோட நேரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டே இருந்தா மத்தவங்களுக்கு எப்படி சார் கிடைக்கும்? அதுக்குத்தானே இந்தக் கெடு."

"கெடு இருக்கட்டும் மேடம். முடியறதுக்கு முன்னாடி 'இன்னும் நேரம் வேணுமா'ன்னு ஒரு பட்டன் கேக்கட்டும். வேணுங்கறவங்க அழுத்திக்கட்டும்."

டைரக்டர் குறுக்கே பாய்ந்தார். "ஊருக்கெல்லாம் போதுற நேரம் உங்களுக்கு மட்டும் போதாதா?"

"நீங்களே பக்கத்துல நின்னு பார்த்தீங்களே சார்."

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒப்புதல் இல்லாமல் திறக்க முடியாது. "சேர்த்துத் தொலைங்கம்மா" என்றார்.

மதியத்துக்குள் பட்டனைச் சேர்த்தாள். இந்த முறை சோதனையாளர் பட்டனை இரண்டு தரம் அழுத்தி, ஆடி அசைந்து கரை சேர்ந்தார். ஒப்புதல் கொடுத்தார்.

"நல்லது. அடுத்த மாசத்துல இருந்து இந்த வேலைக்கு வேற ஆள் பார்த்துக்கறோம். கொஞ்சம் சுறுசுறுப்பான ஆளா" என்றார் டைரக்டர்.

"ஆகட்டும் சார்" என்றார் அவர், யாருக்கோ நடப்பதுபோல.

சாயங்காலம் அவள் கீழே இறங்கி வந்தபோது, வாசல் பெஞ்சில் வண்டிக்காக அவர் காத்திருந்தார். கையில் இருந்த போனிலிருந்து, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுவதுபோல ஒரு சத்தம்.

"என்ன சார், போன் ரிப்பேரா?"

"இல்ல மேடம், எங்க அக்கா மெசேஜ். குழம்புல உப்பு கூடிப்போச்சாம். முகத்தைத் தூக்காம சாப்பிடணுமாம்." பேசிக்கொண்டே அவர் விரல்கள் பதிலைத் தட்டி அனுப்பியும் விட்டன.

அவள் வாயைப் பிளந்தாள். "போன் இவ்வளவு வேகமா படிச்சா உங்களுக்குப் புரியுதா?"

"பக்கத்துல ஆள் வந்தா கொஞ்சம் குறைச்சு வெச்சுப்பேன். இது குறைச்சதுதான்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப மேல நடந்ததெல்லாம் நாடகமா? எத்தனை பேர் முன்னாடி என் பக்கத்தை ஃபெயில்னீங்க! உண்மையில உங்களுக்கு எவ்வளவு நேரம் சார் ஆகும்?"

"உங்க பக்கத்துக்கா? நல்லா கட்டியிருக்கீங்க மேடம். ரெண்டு நிமிஷம்."

"அப்புறம் ஏன்?"

"போன வருஷம் வேற ஒரு ஆபீஸ்ல ரத்தப் பரிசோதனை முடிவு பார்க்கற பக்கத்தைச் சோதிச்சேன். மளமளன்னு முடிச்சுட்டு, 'நான் ரொம்ப நாளா பழகினவன், புதுசா பார்வை போனவங்களுக்கு இந்த நேரம் பத்தாது'ன்னு வாயால சொன்னேன். 'அதான் உங்களுக்கு முடியுதே'ன்னு சொல்லி அப்படியே திறந்துட்டாங்க. அதுல இருந்து வாயால சொல்றதை விட்டுட்டேன். செஞ்சு காட்டிடறேன்."

அவள் தோள்பையை இறக்கிப் பெஞ்சில் வைத்தாள்.

"நாடகமும் இல்ல மேடம். பார்வை போன புதுசுல நான் அப்படித்தான் தடவினேன். அதைத்தான் இன்னிக்குப் பார்த்தீங்க. நத்தைன்னு பேர்கூட வெச்சிருக்கீங்க. காது எனக்கு நல்லாவே கேக்கும்."

அவளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. "இருங்க சார், இப்பவே போய் டைரக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன். உங்க வேலை போகாம நான் பார்த்துக்கறேன்!" என்று மாடிப்படிக்குத் திரும்பினாள்.

"தாராளமா சொல்லுங்க மேடம்" என்று சிரித்தார் அவர். "ஆனா நாளைக்கு வெப்சைட் திறந்ததுக்கு அப்புறம் சொல்லுங்க. இன்னிக்கே சொன்னா என் வேலை இருக்கும். அந்தப் பட்டன் இருக்காது."