மச்சானும் மிளகு சைஸ் வண்டும்

மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தவர், தேனீக்குப் பயந்து தலையில் மாட்டியிருந்த வலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார்.

"உன் தம்பியைத் தேனீப் பெட்டிக்குள்ள பார்த்துட்டு வர்றேன்."

மனைவி திரும்பவே இல்லை. "அவன் ஹால்ல டீ குடிச்சுட்டிருக்கான்."

"கேளு. மிளகு சைஸ்ல கறுப்பா ஒரு வண்டு. கேக்காம கொள்ளாம கூட்டுக்குள்ள வந்து குடியேறிடுது. தேனீங்க அதை மூலைக்கு விரட்டி, சுத்திப் பிசின் வச்சு அடைச்சு, வாசல்ல காவல் போடுது."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? உள்ள இருந்துக்கிட்டே அது காவல்கார தேனீயோட வாயை மீசையால தடவுது. அதுவும் ஏமாந்துபோய் ஊட்டி விடுது. ஜெயில்ல போட்டவனே சோறும் போடுறான்."

ஹாலிலிருந்து டீ உறிஞ்சும் சத்தம் பலமாகக் கேட்டது.

ரெண்டு நாள் என்று சொல்லி வந்த மச்சானுக்கு இது மூன்றாவது மாதம். வரும்போதே அந்தத் தேனீப் பெட்டியும் கையுமாக வந்தான். யாரோ வேண்டாமென்று கொடுத்தார்களாம். உத்தியோகம் எதுவும் இல்லையாம்.

அன்றிலிருந்து இவருக்கு ஓயாத வேலை. காலையில் பெட்டியைக் கவனிப்பார், மிச்ச நேரமெல்லாம் மச்சானைக் கவனிப்பார். பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைத்தார், கண்டுபிடித்துவிட்டான். இடம் மாற்றினார், அதையும் மோப்பம் பிடித்தான். தூங்கும்போது அவன் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது வரை இவருக்கு அத்துப்படி. தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்த்த கண், ஒரு குறையும் தப்பாது.

இன்றைக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும். ஹாலுக்குப் போனார்.

"மச்சான், மூட்டையைக் கட்டு."

"நிஜமாவா அத்தான்?"

துரத்தப்படுகிறவன் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. ஐந்தே நிமிஷத்தில் பையோடு வாசலுக்கு வந்தவன், செருப்பை மாட்டிக்கொண்டே போனில் பேசினான்.

"சார், நாளைக்கே டியூட்டில சேர்ந்துடறேன். ஆமா சார், மூணு மாசம் ரொம்பப் பெரிய லீவுதான். ரொம்ப நன்றி சார்."

"எந்த டியூட்டி?" என்றார் இவர்.

மச்சான் திருதிருவென்று விழித்து அக்காவைப் பார்த்தான்.

"இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது," என்றாள் அவள். "ரிட்டயர் ஆன மாசம் முழுக்க சுவரையே பார்த்து உக்காந்திருந்தீங்க. ஷேவ் கிடையாது, பேச்சு கிடையாது, ஒரு வாய் சாப்பாடு இறங்கலை. பயந்துபோய் இவனைக் கூப்பிட்டேன். 'அத்தானுக்குக் குறை சொல்ல ஏதாவது இருந்தா பிழைச்சுக்குவார்க்கா'ன்னான். வேலைக்கு லீவைப் போட்டுட்டு, எங்கெங்கயோ தேடிப் பெட்டியையும் வாங்கிட்டு வந்து நின்னான்."

நல்லவேளை, அவர் முகம் இன்னும் வலைத் தொப்பிக்குள் இருந்தது.

"அப்போ அந்த பிஸ்கட்?"

"எனக்கு பிஸ்கட்டே பிடிக்காது அத்தான். நீங்க ஒளிச்சு வைக்கிறப்போ உங்க முகத்துல ஒரு களை வரும். அதுக்காகத் தின்னேன்."

அவர் உள்ளே போனார். பீரோவுக்குப் பின்னால், துணி மூட்டைக்கு அடியில் புதிதாக ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து, மச்சானின் பைக்குள் திணித்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்து சேரு," என்றார் விறைப்பாக. "இல்லேன்னா இங்க காவல்காரன் சும்மா உக்காந்திருப்பான்."