ஐந்து சாண் வழி

பச்சை விழுந்தும் அவள் நகரவில்லை.

ஆட்டோவின் முன் சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு நான்கு விரல் இப்பால் நின்றது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

பின்னால் ஹாரன்கள் கிளம்பின.

அடியுங்கள். காது கிழிய அடியுங்கள்.

இடப்பக்கம் திரும்புகிறவர்கள் தாண்டக் கூடாது என்று போட்ட கோடு அது. நேராக வந்து, திரும்பும் இடத்தில் மட்டும் நடைபாதைப் பக்கம் தொந்தி தள்ளியிருக்கும். கோடு போட வந்த அன்று அங்கே ஒரு தலைவரை வரவேற்கும் அலங்கார வளைவின் கால் நின்றது. அதைப் பிடுங்கச் சொல்ல எவனுக்கும் வாயில்லை. காலைச் சுற்றிக் கோட்டை வளைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தலைவர் வந்தார், போனார். வளைவையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

கோடு அப்படியே கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்து, குனிந்து, சாண் வைத்து அளந்தாள். அவளுடைய ஆட்டோவின் அகலம் ஆறரைச் சாண். கோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஐந்து.

அதைப் போக்குவரத்துக் காவலரிடம் சொன்னாள். மர நிழலில் நின்று, கோட்டைத் தாண்டும் வண்டிகளைக் கைபேசியில் படம் பிடிப்பவர் அவர்தான்.

"கோட்டத் தாண்டுனா தாண்டுனதுதாம்மா. சாண் கணக்கெல்லாம் கோர்ட்ல போய்ச் சொல்லு."

மூன்று முறை அபராதம். மூன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். நேற்று வந்த நோட்டீஸில் ஒரு வரி கூடியிருந்தது. இன்னொரு முறை தாண்டினால் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதத்துக்கு முடக்கம்.

மைதானம் முழுக்க ஆண்கள் கைகட்டி வேடிக்கை பார்க்க, கோட்டைத் தொடாமல் எட்டுப் போட்டு வாங்கிய உரிமம். ஆறு மாதம் அவள் வீட்டு அடுப்பை யார் எரிப்பது?

அவளுடைய ஆட்டோ ஸ்டாண்டு இருக்கும் தெரு ஒருவழிப் பாதை. இந்த முனையில் இடப்பக்கம் திரும்பாமல் வெளியே வர வேறு வழி கிடையாது.

சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு.

பின்னாலிருந்து ஒருவன் அவள் தாயை இழுத்துத் திட்டினான். அவள் திரும்பவில்லை.

காவலர் விசிலோடு ஓடி வந்தார்.

"ஏம்மா, ஊரே நிக்குது! கோட்டு மேல ஏறிப் போம்மா!"

அவள் நேற்றைய நோட்டீஸை எடுத்தாள். வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள்.

"அத எழுதிக் குடுங்க சார்."

அவர் முகம் கறுத்தது. கைபேசியை எடுத்தார். நிற்கிற ஆட்டோவைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். முன் சக்கரம் இன்னும் நான்கு விரல் இப்பால்தான் இருந்தது.

அப்போது வரிசையின் கடைசியில் சைரன் கேட்டது. கொடி கட்டிய கார்.

அவள் அளந்து சொல்லியும் அசையாதவர், அந்தச் சத்தத்துக்கு அசைந்தார். தாளை ஆட்டோவின் கண்ணாடி மேல் வைத்து அவசரமாகக் கிறுக்கத் தொடங்கினார்.

அவள் எட்டிப் படித்தாள்.

"தேதியும் போடுங்க."