ஒரு பவுன் விலை

மதினி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும், அவன் கையிலிருந்த ஏலப் பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

மதுரையில் அந்த ஹோட்டலின் மாடி அரங்கில் நூறு நாற்காலி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாதிக்கு மேல் காலி. இருந்தும் மதினி தெரிந்த முகத்தைத் தேடிப்பிடித்து வந்துவிட்டார்கள்.

அருணகிரி அண்ணாச்சி போய் ஆறு மாதம் ஆகிறது. அவருடைய மனைவி பாளையங்கோட்டையிலிருந்து தனியாக பஸ் ஏறி ஒரு நாணய ஏலத்துக்கு வருவார்கள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

திரையில் நாற்பத்தேழாவது லாட், அடுத்த ஏலப் பொருள்.

கலங்கரை விளக்கம் பொறித்த நினைவுத் தங்க நாணயம். அந்த விளக்கின் நூற்றாண்டு விழாவுக்கு இருநூறுதான் அடித்தார்கள். தங்கம் விலை ஏற ஏற, வாங்கியவர்களே பாதியை உருக்கி வளையல் செய்துகொண்டார்கள். மிச்சத்துக்குத்தான் இந்த அடிதடி.

விற்பவர் பெயரைப் பட்டியலில் போடமாட்டார்கள். அந்த மட்டுக்கும் அவன் தப்பித்தான்.

இரண்டு லட்சத்தில் ஆரம்பித்தது.

கோயம்புத்தூர் மில்காரர் எண் அட்டையைத் தூக்கினார். திருச்சி டாக்டர் தூக்கினார். அந்த வரிசையில் மற்ற எல்லா நாணயமும் இருவரிடமும் உண்டு. இது ஒன்று இல்லை. யார் முதலில் வரிசையை முடிப்பது என்று எட்டு வருஷமாக முறைத்துக்கொண்டு அலைகிறார்கள்.

போன வாரம் அவன்தான் இருவருக்கும் தனித்தனியாக போன் போட்டான். மற்றவர் வருகிறார் என்று கொளுத்திப் போட்டான்.

மூன்று. மூன்றரை. நான்கு.

காலையில் இதை நினைத்து இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் மதினியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

பதினாறு கழிந்த மறுநாள், மதினி இந்த நாணயம் இருந்த சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள். சேர்த்து வைத்திருந்த மற்ற நாணயங்களையெல்லாம் அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றிருந்தார். இதை மட்டும் விற்க மனசு வரவில்லையாம்.

அவன் எடை போட்டான். ஒரு பவுன்.

அன்றைய பவுன் விலையைக் கொடுத்தான். நகைக்கடையில் என்றால் கழிவு பிடிப்பார்கள், நான் பிடிக்கவில்லை என்று வேறு சொன்னான். அண்ணாச்சி ஞாபகமாக நானே வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தார்கள்.

அதை எப்படித்தான் குடித்தானோ.

ஐந்தேகால்.

மதினி அவன் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினார்கள்.

"பேப்பர்ல படம் போட்டிருந்துச்சு தம்பி. அவுக காசு மாதிரியே இருந்துச்சு. உங்ககிட்ட குடுத்தத திருப்பிக் கேக்கலாமா? அவுக ஞாபகமா வச்சிருக்கீய. அதான், இன்னொண்ணு கெடச்சா வாங்கிருவோம்னு வந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஏழு லட்சம்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். டாக்டர் தலையை நிமிர்த்தாமலேயே அட்டையைத் தூக்கினார். மில்காரர் கையை இறக்குவதாகவே இல்லை.

நிறுத்தித் தொலைங்கடா என்று அவன் மனசுக்குள் கத்தினான்.

ஒன்பது.

மதினி திரும்பினார்கள். கோபமில்லை, சந்தேகமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்கள்.

"ஒரு பவுன்தான தம்பி இது?"

பொய் தயாராக இருந்தது. இது வேறு ரகம் மதினி, அண்ணாச்சி வைத்திருந்தது சாதாரணம். சொன்னால் அப்படியே நம்புவார்கள். நம்பி, அவனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு, பாளையங்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

உண்மையும் ஒரே வரிதான். ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஒரு வரிக்கு வாய் வரவில்லை. வெட்கம் காதுவரை சுட்டது.

"ஒன்பதரை. ஒரு தரம்."

தன்னுடைய லாட்டுக்குத் தானே ஏலம் கேட்கக் கூடாது. விற்கிறவனே விலையை ஏற்றிவிடுவான் என்று அப்படி ஒரு விதி. மீறினால் ஏலம் விடுகிறவர் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. ஆள் பெயரைச் சொல்லி, இது நீங்கள் விற்கிற பொருள் என்று மைக்கிலேயே அறிவித்துவிடுவார். காலையில் சிவகாசிக்காரர் ஒருவர் அப்படித்தான் மானம் போய் இறங்கிப் போனார்.

"ஒன்பதரை. இரண்டு தரம்."

அவன் தன் அட்டையைத் தூக்கினான்.

மதினி பதறிப்போனார்கள். "எனக்காகவா தம்பி? ஐயோ, வேண்டாம்." சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து, ஒரு கட்டு நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்கள்.

"நீங்க குடுத்ததுதான். ஒத்த நோட்டத் தொடல. பத்தாததுக்குக் காதுத் தோட்டக் கழட்டித் தாரேன்."

ஏலம் விடுகிறவர் அவனுடைய எண்ணைப் பார்த்தார். மேசையில் இருந்த விற்பவர் பட்டியலைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்து, இறக்கிவிடுங்கள் என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

அவன் இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினான்.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.