லைன் வெட்டுது

“இந்த வீட்டிலதானோ கவரேஜ் வேலை செய்யேல்லை?”

படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் ஹெல்மெட், தோளில் ஒரு பை. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த டிலக்ஸன் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

“ஆ... ஆ... ஆர் சொன்னது?”

“நிதர்சனா எண்டு ஒரு பிள்ளை. இந்த வீட்டுத் தம்பியோட கதைக்கேக்க லைன் விட்டு விட்டு வெட்டுதாம். ஒருக்காப் போய்ப் பாருங்கோ எண்டு ஒரு மாதமா ஒரே கரைச்சல். அதுதான் வந்தனான்.”

“போன் கொம்பனியில இருந்து ஆள் வந்திருக்கடா!” குசினிக்குள் இருந்து அம்மா புனிதம் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். “இருங்கோ அண்ணை, கதிரையில இருங்கோ. எங்களுக்கு ஒரு நாளும் வெட்டேல்லையே!”

டிலக்ஸன் அம்மாவை முறைத்தான். பெற்ற தாயே காட்டிக்கொடுத்தால் பிள்ளை எங்கே போவான்?

எல்லாம் வீட்டுப்பாடத்தால் வந்த வினை. திக்குவாய்க்குப் பயிற்சி எடுக்கக் கிளிநொச்சிக்கு எட்டு மாதம் பஸ் ஏறினான். “மூச்சை விட்டிட்டு, முதலெழுத்தை மெல்லமாத் தொடுங்கோ” என்று சுதர்சினி மிஸ் சொல்லிக்கொடுத்தார். அவர் அறைக்குள் வாய்க்கால் தண்ணீர் மாதிரிப் பேசினான். கதவைத் தாண்டியதும் நாக்கு பழைய இடத்திலேயே நங்கூரம் போட்டது.

“இது முழுசாப் போகாது தம்பி,” என்று மிஸ்ஸே கடைசியில் சொல்லிவிட்டார். “ஒளிக்காமல் கதைக்கப் பழகினாலே பெரிய காரியம். ஒவ்வொரு நாளும் ஒரு கடைக்குப் போன் எடுத்து விலை கேளுங்கோ.”

முதல் நாளே முல்லைத்தீவு டவுனில் ஒரு வலைக்கடைக்கு எடுத்தான். “த... த... தங்கூசி வலை...” என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், “அண்ணை, லைன் வெட்டுது!” என்றது.

“ஓம், க... கவரேஜ் இல்லை!”

இப்படி ஒரு பொய் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அதுதான் நிதர்சனா. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவளுக்குத்தான்; வேறு கடைக்கு எடுக்கவே இல்லை. அம்மாவின் காது நீளம் என்பதால் கடற்கரையில் நின்றுதான் பேசுவான். நாலாம் மாதம் அவள் வாயில் இருந்து ‘அண்ணை’ போய்விட்டது. அவனும் ஊர், வீட்டு அடையாளம் எல்லாம் சொல்லிவிட்டான். லைன் மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தது. தான் திக்கிப் பேசும் கொன்னை என்று தெரிந்தால் அவளும் போய்விடுவாளே என்ற பயத்தில், அவன் ஒரு நாளும் அந்தக் கடைப்பக்கம் தலை காட்டவில்லை.

வந்தவர் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். கிணற்றடி, கோழிக்கூடு, படகு எஞ்சின் என்று ஒன்றையும் விடவில்லை. “இங்க நாலு கோடும் நிமிந்து நிக்குதே!” என்றார்.

அம்மா தேத்தண்ணியை நீட்டினாள்.

“வையுங்கோ தங்கச்சி. வந்த காரியம் சரிவராமல் நான் ஒரு வீட்டிலயும் வாய் நனைக்கிறேல்லை. எங்க தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா எடும் பாப்பம். ஸ்பீக்கரில போடும்.”

டிலக்ஸன் ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினான். ஒரே மணியில் அவள் எடுத்துவிட்டாள்.

“ஹலோ... நி... நி... நி...”

“ஐயோ, லைன் வெட்டுது!” என்றாள் நிதர்சனா.

“வெட்டுதுதான்,” என்று வந்தவர் தலையாட்டினார். “பிழை டவரிலயோ, உம்மட போனிலயோ? போனில எண்டாச் சொல்லும். புதுசொண்டு வாங்கினா முடிஞ்சுது.”

‘போனில’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. தப்பிக்க அது போதும். ஆனால் புதுப் போன் வாங்கினாலும் அதற்குள் இதே வாய்தானே பேசவேண்டும்? டிலக்ஸன் மூச்சை விட்டான்.

“ட... டவரிலயும் பிழையில்லை. போ... போனிலயும் பிழையில்லை. லைன் வெட்டேல்லை, நி... நிதர்சனா. நா... நான்தான் வெட்டுறன். சி... சின்னனில இருந்தே.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வேலிக்கு அப்பால் அலை அடித்தது.

திடீரென்று போனில் நிதர்சனா சிரித்தாள். அடக்கமாட்டாமல், விக்கி விக்கிச் சிரித்தாள்.

“ஒருமாதிரிச் சொல்லிட்டீங்கள்! எனக்கு முதல் கிழமையே தெரியும். லைன் வெட்டினாப் பின்னால இரையிற கடலும் எல்லோ வெட்டோணும்? அது ஒரு நாளும் வெட்டேல்லையே!”

டிலக்ஸன் வாயைத் திறந்தான். இந்த முறை வார்த்தை வராததற்குக் காரணம் கொன்னை இல்லை.

“நீங்களாச் சொல்லட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான்,” என்றவள், குரலை உயர்த்தினாள். “கேட்டீங்களோ அப்பா? இனியாவது தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். ஆறிப்போன கோப்பையை எடுத்து ஒரே இழுவையில் குடித்து முடித்தார்.

“குடிச்சிட்டன் பிள்ளை. மாப்பிள்ளை வீட்டில சீனிதான் கொஞ்சம் கூட.”