பொய் இடத்துக் காவல்

அனுமதியில்லாத நடனப் பார்ட்டி எப்போதும் வேறெங்கோ நடக்கும். போலீஸை ஏமாற்றப் புரளி கிளப்பிவிட்ட பொய் இடத்தில், பாட்டைப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் செலஸ்டினுக்கு வேலை. எத்தனையோ பார்ட்டிகளைக் காப்பாற்றியவன், ஒன்றில்கூடக் கால் அசைத்து ஆடியதில்லை. இன்றைக்கு மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலை. இருட்டும் முன்பே ஏட்டு ஒருவர் மட்டும் வந்தார். காலி ஆலையைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

“மத்தவங்க வரலியா சார்?” செலஸ்டின் கேட்டான்.

“நிஜ இடத்துக்குப் போயிட்டாங்க. நீ உன் ஆளுங்களுக்குப் போன் பண்ணிடாம பாத்துக்க நான் ஒருத்தன் போதுமாம்.” கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். “என்னையும் எந்த ரெய்டுக்கும் கூட்டிட்டுப் போனதில்ல தம்பி.”

பாட்டு மாறியது. ஏட்டின் வெறுங்கால் தரையில் லேசாகத் தாளம் தட்டியது. செலஸ்டின் எழுந்து சத்தத்தைக் கூட்டினான்.